குழாய் முனையில் ஒரு விரல்

கட்டைவிரலை எடுத்தால் பெட்ரோல் கொட்டும். எடுக்காவிட்டால் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டுக்கும் நடுவே அவள், தூக்கி நிறுத்திய பானெட்டுக்குக் கீழே பாதி உடம்பைக் கவிழ்த்து நின்றுகொண்டு, உள்ளே போன மனிதரைக் காணோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம். குழாயை இறுக்கற கிளிப்பை உள்ளயே வச்சிட்டேன். விரலை மட்டும் எடுத்துடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய ஒரு நிமிஷத்தை நாற்பத்தொரு வருஷமாக அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் என்று சொல்லித் திருகாணி வாங்கப் போனவர், கடைக்காரரின் மின்விசிறி கிறீச்சிடுகிறதென்று அதைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்த கதையெல்லாம் உண்டு. அதனால் முதல் மூன்று நிமிஷம் அவள் கவலையே படவில்லை.

வண்டி அவர்கள் கல்யாணத்தைவிட ஏழு வயது மூத்தது. அவருக்கு அது மூத்த சம்சாரம், தான் இரண்டாவதாக வந்தவள் என்று அவள் சொல்லாத உறவுக்காரர் கிடையாது. போன மாதம் அதன் பழைய பெட்ரோல் பம்பில் சவ்வு கிழிந்துபோக, மின்சாரத்தில் ஓடுகிற புதுப் பம்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. புதுப் பம்பு தள்ளிய தள்ளில் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தது. மூட்டு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போன அன்று வண்டி நடுச்சாலையில் இருமி, நாறி, நின்றேவிட்டது. பின்னாலிருந்து நாலு பேர் ஹாரன் அடிக்க, மூட்டு வலிக்காரி வெயிலில் இறங்கி அரைக் கிலோமீட்டர் நடந்தாள். வண்டியை அவர் எப்படியோ வீடு சேர்த்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே ரெகுலேட்டர் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்.

அது வந்து சேர்ந்ததும் புதுப்பெண்ணுக்கு நகை காட்டுகிற மாதிரி அவளிடம் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியத் தலை, அதன் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் காகித வடிகட்டி. டேங்கிலிருந்து வருகிற துரு கிண்ணத்தில் தங்கிவிடும். தலைக்குள்ளிருக்கும் ஸ்பிரிங் பெட்ரோலின் வேகத்தை அடக்கிவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் அல்லவா, விளக்கம் சொல்லாமல் விடுவாரா? "தாகமா இருக்கிறவனுக்கு டம்ளர்ல தண்ணி குடுக்கணும். தீயணைக்கிற குழாயைக் கொண்டுபோய் வாயில செருகினா அவன் என்ன ஆவான்? அதான் நம்ம வண்டிக்கும் ஆச்சு" என்றார். தனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்தால் போதும் என்றாள் அவள்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு நட்டு மக்கர் பண்ணாமல் கழன்று வந்தால் அதற்கு "நன்றி" என்பார். திருகாணி சரியாக உட்கார்ந்தால் அதற்கும் ஒரு நன்றி. விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே, தெரிந்தவரிடம் சொல்வது மாதிரி சொல்வார். நட்டுக்கும் போல்ட்டுக்கும் கிடைக்கிற மரியாதை இந்த வீட்டில் கட்டினவளுக்குக் கிடையாது என்று அவள் சொல்லிக்காட்டினால், "உனக்கு எதுக்கு? நீ கழண்டு ஓடப்போறியா?" என்பார்.

இன்றைக்குக் காலையில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ரெகுலேட்டரை என்ஜினுக்குப் பக்கத்துத் தகட்டில் பொருத்தியாயிற்று. அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயை மாட்டி முடுக்கியாயிற்று, அதற்கு ஒரு நன்றியும் சொல்லியாயிற்று. பம்பிலிருந்து வருகிற குழாயை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அங்கேதான் யானைக்கும் அடி சறுக்கியது. நாளைக்கு மறுபடி மூட்டு டாக்டரிடம் போகவேண்டும், வழியில் நிற்கக் கூடாது என்று நேற்றே டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டார். ஷெட்டின் தரையோ வாசல் பக்கம் சரிவு, வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது. குழாயை அறுத்ததும் பெட்ரோல் தானாகவே முன்னால் ஓடி வந்தது. "பௌதிகம் படிச்சவங்க வேலை" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் கையை இழுத்துக் குழாயைச் சுற்றி மூட வைத்து, கட்டைவிரலைக் குழாயின் வாயில் தானே அழுத்தி வைத்தார்.

காலையிலிருந்து இரண்டு தடவை ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டார். உட்கார்ந்துகொண்டே பிடிக்கலாமாம். எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு, ஸ்டூலும் வேண்டாம் தொட்டிலும் வேண்டாம், உங்க வேலையைப் பாருங்க என்று இரண்டு தடவையும் அவள் வெட்டிவிட்டாள். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. கிளிப்பை உள்ளே வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. குழாயின் மடிப்பாக இருக்கும் என்று இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கிடைச்சுதா?" என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "கிளிப்பு செய்யற கம்பெனிக்கே போயிட்டீங்களா?" என்றாள். அதற்கும் இல்லை. முழங்காலில் ஊசி இறங்கியது. அவள் கத்தினாள்:

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

கூடத்து மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீட்டுக்குள் இருந்தால் ஏதாவது ஒன்று உருளும், விழும், தட்டப்படும். இப்போது ஒன்றும் உருளவில்லை. குழாயில் அளவு குறிக்க அவர் வைத்திருந்த பென்சில் துண்டு பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்துக் குழாயின் வாயில் திணித்துவிட்டு ஓடினாள். இந்தப் பென்சிலை முதல் நிமிஷமே செருகியிருக்கலாமே என்ற எண்ணம் அவளோடு கூடவே ஓடியது.

சமையலறைக்கும் ஷெட்டுக்கும் நடுவிலிருந்த நடையில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். ஸ்டூல் ஒரு பக்கம் கவிழ்ந்திருந்தது. காலில் எதுவோ மெத்தென்று தடுக்க, அதை உதைத்துத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் விழுந்தாள்.

எதிர்வீட்டு நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அலறல் கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து, மார்பை அழுத்தினாள், ஊதினாள், மறுபடி அழுத்தினாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை எடுத்தாள். அவர் கண்களை மூடிவிட்டவளும் அந்த நர்ஸ்தான். டாக்டர் வந்து இதயம் என்று எழுதிக் கொடுத்தார். எப்போது ஆனது என்று கேட்டதற்குக் கட்டினவளால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு நிமிஷம் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாள். டாக்டருக்கு அது புரியவில்லை.

பதினோரு மணிக்கு அவருடைய தங்கை வந்துவிட்டாள். நாத்தனார் நல்லவள். ஓடி ஆடி வேலை செய்கிறவள், யாருக்கு எந்த நாற்காலி, யாருக்குத் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்துச் செய்வாள். ஆனால் வாயை மட்டும் சும்மா வைத்திருக்கத் தெரியாது. நடையில் கவிழ்ந்த ஸ்டூலைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலே, சுவரில் உயரமாக அடித்திருந்த பலகையில் அண்ணனின் சாமான் டப்பாக்களைப் பார்த்தாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

"எழுபது வயசுல ஸ்டூல் மேல ஏறலாமா அண்ணி? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டு அழுதாள். குற்றம் சொல்லவில்லை, ஆற்றாமை. ஆனால் சொன்னது சொன்னதுதான். வந்தவர்களுக்கெல்லாம் அதுவே கதையாகிவிட்டது. கிளிப்பு எடுக்க ஸ்டூல் மேல் ஏறினாராம், தலை சுற்றி விழுந்தாராம், வீட்டம்மா வண்டியிடம் நின்றிருந்தாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் அவர் ஏறிய ஸ்டூல் ஏணியாகவும் ஆகிவிட்டது.

அவள் எதையும் மறுக்கவில்லை. மறுக்க அவளிடம் என்ன இருந்தது? அவளும் அப்படித்தான் நினைத்தாள். கிளிப்பு தேடி ஏறினார், கிடைக்கவில்லை, அங்கிருந்து இவள் கத்துகிறாள், அவசரப்பட்டிருப்பார். அவளை அரித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மூன்று தடவை கூப்பிட்டாளே, அதில் எது அவர் காதில் கடைசியாக விழுந்தது? கிடைச்சுதா என்று கேட்டதா? கம்பெனிக்குப் போயிட்டீங்களா என்றதா? மூன்றாவதா? நாற்பத்தொரு வருஷத்துக்கு முடிவாக அந்த மனுஷன் கேட்டுவிட்டுப் போனது 'தொலைஞ்சீங்க' என்கிற வார்த்தையா?

நர்ஸிடம் மட்டும் தனியாகக் கேட்டாள். "விழும்போதே போயிட்டாரும்மா. எதுவும் கேட்டிருக்காது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நல்ல பெண். சொல்லவேண்டியதைத்தான் சொன்னாள். ஆனால் விழுவதற்கு முன்னால் கேட்டிருக்குமே.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவளை உட்காரச் சொன்னார்கள். நாத்தனார் நாற்காலி போட்டாள், தரையில் பாய் விரித்தாள், கடைசியில் தோளைப் பிடித்து அமுக்கியே பார்த்தாள். அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வலது உள்ளங்கையில் சிவப்பும் எண்ணெய்க் கறுப்புமாக ஒரு தடம் விழுந்திருந்தது, குட்டிக் குட்டிக் கோடுகளோடு. கையை அவள் கழுவவும் இல்லை. பெட்ரோல் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. மகள் ஊரிலிருந்து கிளம்பிவிட்டாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள், நாளைக் காலையில் எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலு மணிவாக்கில்தான் அவளுக்குத் திடுக்கென்றது. வாசனை கையிலிருந்து மட்டும் வரவில்லை. வெளியே வந்து பார்த்தாள். பென்சிலுக்கு ஆறு பட்டை, குழாய்க்கு வட்ட வாய். இடுக்கு வழியே காலையிலிருந்து சொட்டிய பெட்ரோல் ஷெட்டுத் தரையில் கோடாக இறங்கி வாசல் பக்கம் போயிருந்தது. அந்தக் கோடு முடிகிற இடத்தில், தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை, ஒரு கையில் தீப்பெட்டியும் உதட்டில் சிகரெட்டுமாக நின்றார். அவள் விடுவிடுவென்று போய் உதட்டிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "ஒரே நாள்ல ஒருத்தர் போதும்" என்றாள். மாப்பிள்ளை தீப்பெட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள். உண்மையில் அவன் ஏற்கெனவே வந்து, கூட்டத்துக்குப் பின்னால், தெருவோரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நின்றிருந்தான். எதை முடுக்கினாலும் கடைசியில் "இன்னும் அரைச்சுத்துய்யா" என்று சொல்லுவான் என்பதால் அவர் அவனுக்கு அரைச்சுத்து என்றே பேர் வைத்திருந்தார். பட்டறையில் அவன் இருபது பேருக்கு முதலாளி. இங்கே வந்தால் அரைச்சுத்துதான்.

அவன் முதலில் மணலை அள்ளிக் கொட்டித் தரையை மூடினான். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, ஒரு போல்ட்டை வைத்து இறுக்கி அடைத்துவிடட்டுமா, பதினைந்து நாள் கழித்து வந்து வேலையை முடிக்கட்டுமா என்று கேட்டான். நாத்தனார் வாசல்படியில் வந்து நின்று, அண்ணன் அங்கே கிடக்கும்போது இங்கே வண்டி ரிப்பேரா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தவித்தாள். நியாயம்தான். ஆனால் இந்த ஒரு குழாய்க்காகத்தானே எல்லாம் நடந்தது.

"இப்பவே மாட்டிடுப்பா. அவர் பாதியில விட்டது அப்படியே கிடக்க வேண்டாம்" என்றாள் அவள். நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.

பென்சிலை உருவவேண்டும், உருவியதும் ஒருவர் விரலை வைக்கவேண்டும், அவன் முனையைத் துடைத்து மாட்டவேண்டும். விரல் வைக்க அவளே வந்து நின்றாள். அவன் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டான்.

"கிளிப்பு மட்டும்தான் இல்லப்பா. அதைத் தேடித்தான் உள்ள போனார். அந்தப் பலகை மேல எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியல. உன்கிட்ட ஒண்ணு இருக்கா?"

அரைச்சுத்து நிமிர்ந்தான். "கிளிப்பா? இதோ இருக்கேம்மா."

கறுப்புக் குழாயில், முனையிலிருந்து நாலு விரல் கீழே, கறுப்பு எண்ணெய் படிந்து ஒரு வளையம் இருந்தது. அவன் அதைச் சுண்டிக் காட்டினான். குட்டிக் குட்டியாகப் பல்வெட்டு, பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணித் தலை.

"ஐயா கிளிப்பைக் கோத்துட்டுத்தான் குழாயையே தொடுவாரு. எங்க பசங்கதான் குழாயை மாட்டிட்டு அப்புறம் கிளிப்பு எங்கன்னு முழிப்பாங்க. அவரு ஒருநாள்கூட அப்படிப் பண்ணதில்லையேம்மா."

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். காலையில் விழுந்த தடம் கோடு கோடாக அப்படியே இருந்தது. கையை மூடிக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தாள். பல்வெட்டு வந்து தடத்தில் உட்கார்ந்தது.

கிளிப்பு அவள் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவளுடைய கையையே அதன்மேல் மூட வைத்து, விரலையும் அழுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியென்றால் உள்ளே எதற்குப் போனார்?

காலில் மெத்தென்று தடுக்கியது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அது என்ன என்று இதுவரை அவள் யோசிக்கவே இல்லை. கூடத்து நாற்காலியில் கிடக்கிற சின்ன மெத்தை அது. அவர் தலைக்கு வைக்க யாரோ கொண்டுவந்தது என்று நினைத்து நாத்தனார் எடுத்துப்போய்ப் பழைய இடத்தில் போட்டுவிட்டாள். யாரும் கொண்டுவரவில்லை. அவள் உள்ளே ஓடிவந்தபோதே அது நடையில் கிடந்தது.

பலகையில் டப்பா எடுக்க ஸ்டூல் மேல் ஏறுகிறவன் மெத்தையையும் போட்டுக்கொண்டா ஏறுவான்?

"கள்ளன்" என்றாள். "கேட்டா நான் வேணாம்னுவேன்னு..." அரைச்சுத்து ஒன்றும் புரியாமல் ஸ்பானரோடு நின்றான்.

இது அவளைக் குத்தியிருக்கவேண்டும். என் காலுக்காகப் போய் இப்படி ஆயிற்றே என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதிருக்கவேண்டும். நாளைக்கோ அடுத்த வாரமோ அப்படியும் அழுவாளாக இருக்கும். இப்போது அவளுக்குள் வந்தது வேறு. அவர் பலகையில் ஏறவில்லை. எதையும் தேடி அல்லாடவில்லை. ஒரு கையில் ஸ்டூல், கக்கத்தில் மெத்தை, எப்படியும் இவளை ஏமாற்றி உட்கார வைத்துவிடலாம் என்ற திருட்டுச் சந்தோஷத்தோடு ஷெட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். அவள் கத்தினது காதில் விழுந்திருந்தாலும் சிரித்திருப்பார். வாய் நீளமென்றாலும் விரலை எடுக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவள் எடுக்கவில்லையே. பன்னிரண்டு நிமிஷம் அவர் சொன்னபடி நின்றாளே. நல்லவேளை நின்றேன் என்று இந்த நாளில் முதல் தடவையாக நினைத்தாள். நினைத்ததும் கண்ணீர் வந்தது.

"கொஞ்சம் இருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் அத்தனை பேரும் பார்க்க, நாற்காலியில் யாரோ சாய்ந்துகொண்டிருந்த சின்ன மெத்தையை, கொஞ்சம் எழுந்துக்கோங்க என்று உருவி எடுத்தாள். யாரோ சமையலறையில் ஒதுக்கிவைத்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டாள். நடையில் அவர் விழுந்த இடம் வந்ததும் ஒரு கணம் நின்றாள். அங்கிருந்து ஷெட்டின் கதவு எட்டே அடி. அந்த எட்டு அடியை அவளே நடந்து முடித்தாள்.

வண்டியின் மூக்கருகே ஸ்டூலைப் போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மெத்தையை வைத்து, உட்கார்ந்தாள். ஸ்டூலும் மெத்தையும் சேர்ந்து சரியான உயரம், பானெட்டுக்குள் கை எட்டுகிற தூரம். அளந்துதான் யோசித்திருக்கிறார். காலையிலிருந்து முறுக்கிக்கொண்டிருந்த முழங்கால்கள் மெல்ல இளகின.

"ம். இப்ப உருவு."

பென்சில் வந்தது. கட்டைவிரலை வைத்தாள். பெட்ரோல் சில்லென்று விரலில் முட்டியது. அவன் ரெகுலேட்டரின் முனையைத் துடைத்துவிட்டுத் தலையாட்ட, விரலை எடுத்தாள். குழாய் இறுகிக்கொண்டு ஏறியது. கிளிப்பைத் தள்ளி இடத்தில் நிறுத்தித் திருகாணியை முடுக்கினான். அவனாகவே "இன்னும் அரைச்சுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டான். திருகாணி நின்றது.

"நன்றி" என்றாள் அவள்.

தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். இந்த ஷெட்டில் அந்த வார்த்தை யாருக்குச் சொல்லப்படும் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியால் வண்டியைத் துடைத்தான். தரை காயட்டும், பம்பை இன்னொரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றான். அதற்குள் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் தானாகவே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. டேங்கிலிருந்து வந்த துரு ஒன்றிரண்டு அதில் சுற்றிவிட்டு அடியில் போய்ப் படிந்தன. குழாயின் வாயில் ஒரு சொட்டும் கசியவில்லை.

மகள் வந்துவிட்டாள், தெருமுனையில் இறங்கிவிட்டாளாம் என்று சொல்ல நாத்தனார் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி இது? காலையிலேருந்து அத்தனை பேரும் உட்காருங்க உட்காருங்கன்னு கெஞ்சினோம். கேக்கல. இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"உங்க அண்ணன் போட்ட ஸ்டூல்" என்றாள் அவள். பெட்ரோல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, மெத்தையில் நாத்தனாருக்கும் இடம் விட்டாள்.